கை ஓயாதவர்களுக்கு ஒரு தியானப் புத்தகம்: கொண்டுசேர்க்கக் கற்றுக்கொண்ட ஐந்து மாதங்கள்

எங்கள் அம்மா ஆறு ஆண்டுகள் படுத்த படுக்கையாக இருந்தார்கள். இரவில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தபடி நோட்டுப் புத்தகங்களில் எழுதியவைதான் என்னுடைய 40 தியானங்கள். ஒவ்வொன்றும் இரண்டு பக்கம். ஒரு வேத வசனம், அன்றைக்கு அந்த அறையில் நடந்த ஒரு சிறிய காரியம், முடிவில் நான்கு வரி ஜெபம். அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓர் ஆண்டு கழித்து அவற்றைப் புத்தகமாக்க நினைத்தேன். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் யாராவது ஒருவருக்கு அது போய்ச் சேர வேண்டும் என்பதே ஆசை. எழுதுவதற்கு ஆறு ஆண்டுகள் போயின. அந்த ஒருவரைக் கண்டுபிடிப்பது தனி வேலை என்று அப்போது தெரியாது. இது அந்த வேலையின் பதிவு.

முதல் மூன்று வாரங்கள் எழுத்துருவோடு போனது. பல ஆண்டுகளுக்கு முன் கற்றுக்கொண்ட பழைய எழுத்துருவில்தான் எனக்குத் தட்டச்சு வரும். 40 தியானங்களையும் அப்படியே அடித்துவிட்டேன். என் அண்ணன் மகள் அந்தக் கோப்பைத் தன் கைப்பேசியில் திறந்து காட்டினாள். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சிதறிக் கிடந்தன. "அத்தை, இது ஒருங்குறியில் (யூனிகோடில்) இல்லை. மின்னூலாகப் போட முடியாது, யாரும் தேடி எடுக்கவும் முடியாது" என்றாள். எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தோம். பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தது.

சரியாக இல்லை என்பது தற்செயலாகத் தெரிந்தது. புத்தகத்தின் தலைப்பில் 'மௌனம்' என்ற சொல் இருக்கிறது. உள்ளே எத்தனை முறை அதைப் பயன்படுத்தியிருக்கிறேன் என்று பார்க்கத் தேடினேன். 9 இடங்கள் என்று வந்தது. குறைந்தது 50 இடங்களில் எழுதியிருப்பேன் என்பது எனக்குத் தெரியும். காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு நாள் முழுவதும் ஆனது. நான் பெரும்பாலான இடங்களில் 'மெ' அடித்து அதன் பக்கத்தில் 'ள' என்ற தனி எழுத்தை அடித்திருக்கிறேன். 'மெளனம்' என்றும் 'மௌனம்' என்றும் எழுதினால் நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். 'கௌரவம்', 'சௌகரியம்', 'பௌர்ணமி' எல்லாவற்றிலும் இதே தவறு. அட்டைப்படத்துக்குக் கொடுத்திருந்த தலைப்பிலும் அதுதான். அப்படியே வெளியிட்டிருந்தால் தலைப்பைச் சரியாகத் தட்டச்சு செய்து தேடுகிறவருக்கு என் புத்தகம் கிடைக்காமலே போயிருக்கலாம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு எழுத்தின் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. 'எ' இருக்க வேண்டிய சில இடங்களில் '௭' இருந்தது; அது தமிழ் எண் ஏழு. துணைக்கால் வர வேண்டிய இடத்தில் 'ர' இருந்தது. இவற்றைக் கண்ணால் பிடிப்பது மிகவும் கடினம். அண்ணன் மகள் சொன்ன வழி நன்றாக வேலை செய்தது: கைப்பேசியையே கோப்பை வாய்விட்டு வாசிக்க வைத்துக் கேட்பது. பிழையான சொல் வரும்போது அந்த இயந்திரக் குரல் இடறும். இடறிய இடத்தில் நிறுத்தித் திருத்தினேன். மின்னூல் போடப் போகும் யாருக்கும் இந்த ஒரு வேலையைக் கட்டாயம் செய்யுங்கள் என்று சொல்வேன். பார்வைக் குறையுள்ளவர்களில் பலர் திரைவாசிப்பான் வழியாகத்தான் புத்தகம் கேட்கிறார்கள். நம் தட்டச்சுப் பிழை அவர்கள் காதில் வசனத்தையே குலைத்துவிடும்.

அட்டைப்படத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். முதலில் செய்தது: சிலுவை, புறா, விடியும் வானம், திறந்த வேதாகமம், நடுவில் தலைப்பு. கணினித் திரையில் நிறைவாகத்தான் இருந்தது. அண்ணன் மகள் அதைக் கைப்பேசியில் சிறிதாக்கி, "கடையில் இது கட்டைவிரல் நகம் அளவுதான் தெரியும் அத்தை" என்று என் கையில் கொடுத்தாள். அந்த அளவில் ஒரு பழுப்பு நிறத் திட்டு மட்டும் தெரிந்தது. இரண்டாவது அட்டையில் ஒரு கட்டிலின் ஓரமும் அதன் பக்கத்தில் ஒரு காலி நாற்காலியும் மட்டும். தலைப்பு மேல் பாதி முழுவதும். அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலுக்கு உயரம் 2560, அகலம் 1600 பிக்சல் என்ற அளவில் செய்து, நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்து, தலைப்பு வாசிக்க முடிகிறது என்று உறுதிசெய்த பிறகே முடித்தோம்.

புத்தகத்தைப் பற்றிய அறிமுகக் குறிப்பு எனக்கு ஒரு பாடமாகவே அமைந்தது. முதலில் எழுதியதில் முதல் பத்தி தேவனுக்கு நன்றி, இரண்டாவது பத்தி என்னைப் பற்றி, மூன்றாவது பத்தி இந்தத் தியானங்களை எழுத எழும்பின ஏவுதல். எல்லாம் உண்மைதான். ஆனால் கடைப் பக்கத்தில் முதல் சில வரிகள் மட்டுமே தெரியும். மீதியை வாசிக்க அழுத்த வேண்டும். அந்தச் சில வரிகளில் வாசிக்கிறவர் எங்கே இருக்கிறார்? எங்குமே இல்லை. அதை அழித்துவிட்டு இப்படித் தொடங்கினேன்: "இன்றிரவு மூன்றாம் முறையாக எழுந்திருக்கிறீர்கள். படுக்கையைத் திருத்திவிட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டு, இனித் தூக்கம் வராது என்று உட்கார்ந்திருக்கிறீர்கள்." நான் யார் என்பது கடைசி வரிக்குப் போனது. நன்றி சொல்வது ஜெபத்தில் இருக்கட்டும், புத்தகத்தின் முன்னுரையிலும் இருக்கட்டும்; அறிமுகக் குறிப்பு களைத்திருக்கும் ஒருவரோடு பேசுகிற இடம்.

தேடுகிறவர்களுக்குப் புத்தகம் கிடைப்பதற்காக நாம் கொடுக்கும் தேடுசொற்களில் ஒரு சிறு கணக்கும் உண்டு. கிண்டிலில் 7 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 50 குறிகள் வரை. 50 என்றால் தாராளம் என்று நினைத்தேன். தமிழில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். 'கர்த்தர்' என்பது நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு எட்டுக் குறி. ஆகவே நீண்ட வாக்கியங்களை விட்டுவிட்டு 'நோயாளி பராமரிப்பு', 'ஆறுதல் தியானம்' போன்ற குறுகிய சொற்களைப் போட்டேன். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் நிறைய இருப்பதால் இரண்டு பெட்டிகளில் அப்படியும் போட்டேன்.

கிண்டிலின் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்வதா என்று யோசித்தேன். 90 நாட்களுக்குப் புத்தகத்தின் மின்வடிவம் அங்கே மட்டுமே இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக 5 நாட்கள் இலவசமாகக் கொடுக்கலாம். வேறிடத்தில் மாதிரிக்கென்று 10 சதவீதம் வரை மட்டுமே பகிரலாம். என் கணக்கில் அது நான்கு தியானங்கள். கேட்கிறவருக்கு ஐந்தாவதைக் கொடுக்க முடியாத ஏற்பாடு எனக்கு வேண்டாம் என்று சேரவில்லை. பிற்பாடு நடந்ததைப் பார்க்கும்போது அது நல்ல முடிவு.

இரண்டாவது மாதம் பரப்புகிற வேலையைத் தொடங்கினேன். அட்டைப்படத்தையும் இணைப்பையும் நான் இருக்கும் 14 வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே காலையில் போட்டேன். கூப்பிய கைகளும் 'ஆமென்'களும் வந்தன, எண்ணிப் பார்த்தேன், 31. அந்த வாரம் விற்றவை இரண்டு பிரதிகள். இரண்டையும் வாங்கியவர்கள் என் உறவினர்கள். ஜெபக் குழு ஒன்றை நடத்தும் சகோதரி தனியாக எழுதினார்கள்: "சகோதரி, தப்பாக நினைக்காதீர்கள். இது ஜெப விண்ணப்பங்களுக்கான இடம்." வெட்கமாக இருந்தது. அவர்கள் சொன்னது நியாயம். மன்னிப்புக் கேட்டு அந்தச் செய்தியை அழித்தேன்.

அடுத்து பிராட்காஸ்ட் பட்டியல்; ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்ப வாட்ஸ்அப்பில் உள்ள வசதி. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம் என்பதால் 212 எண்களைச் சேர்த்து அனுப்பினேன். நம் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும் என்பதை நான் பார்க்காமல் விட்டது என் தவறு. 40 பேருக்குக்கூடப் போகவில்லை.

வசனப் படங்களும் செய்தேன். இதில் மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எரேமியா 29:11 எல்லோருக்கும் பிடித்த வசனம். தேவன் நம்மேல் நினைத்திருப்பவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகள் என்பது. பூக்கள் நிறைந்த பின்னணியில் அதைப் போட்டு, கீழே என் புத்தகத்தின் பெயரைப் போட்டேன். அனுப்பும் முன் அதிகாரத்தை முழுவதும் வாசித்தபோது கை நின்றுவிட்டது. அதற்கு முந்தைய வசனத்தில் பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேற வேண்டும் என்று இருக்கிறது. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதைப் பெற்றவர்களில் பலர் திரும்பிப் போகும் நாளைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஆறு வருடம் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவள் நான். அந்த எழுபதை மறைத்துவிட்டுப் பதினோராம் வசனத்தை மட்டும் ஒருவர் கையில் கொடுத்தால், நாளைக்கே விடியும் என்று அவர் நம்புவார். விடியாதபோது யாரைக் குற்றம் சொல்வார்? அந்தப் படத்தை அழித்துவிட்டு, இரண்டு வசனங்களையும் சேர்த்து வேறொன்று செய்தேன். அழகு குறைவுதான். புத்தகம் விற்க வசனத்தை நறுக்கக் கூடாது என்பதில் எனக்கு இப்போது எந்தத் தயக்கமும் இல்லை. இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன்: புதிய வேதாகம மொழிபெயர்ப்புகளுக்குப் பதிப்புரிமை உண்டு. எத்தனை வசனங்களை அனுமதி கேளாமல் எடுக்கலாம் என்று ஒவ்வொன்றின் பதிப்புரிமைப் பக்கத்திலும் பார்த்துவிட்டே எடுக்க வேண்டும்.

மூன்றாவது மாதம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு தாள் எடுத்தேன். வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் என்று எனக்கு நேரடியாகத் தெரிந்தவர்களின் பெயர்களை எழுதினேன். 20 வந்தது. 20 பேருக்கும் தனித்தனியாக எழுதினேன். அட்டைப்படம் இல்லை, இணைப்பு இல்லை. அவர்கள் வீட்டு நோயாளியின் பெயரைச் சொல்லி விசாரித்து, நானும் அந்த இடத்தில் இருந்தேன் என்று சொல்லி, ஒரு தியானத்தை எழுத்தாக அனுப்பினேன். ஒரு நாளைக்கு நான்கு கடிதங்களுக்கு மேல் எழுத முடியவில்லை.

அதில் ஒரு சகோதரியின் பதில் என் வேலையின் போக்கையே மாற்றியது. "அக்கா, நீங்கள் அனுப்பியதைத் திறந்து வைத்திருக்கிறேன். இரண்டு வரிக்குமேல் கண் நிற்கவில்லை. கையும் சும்மா இருப்பதில்லை. நீங்களே வாசித்து அனுப்புவீர்களா?"

நான் இதை எப்படி யோசிக்காமல் போனேன் என்று திகைத்தேன். அந்த ஆறு ஆண்டுகளில் நானும் புத்தகம் வாசிக்கவில்லை. துணி துவைக்கும்போதும், அம்மாவின் முதுகில் மருந்து தடவும்போதும் காதுதான் சும்மா இருந்தது. அன்று இரவு எரேமியா 36-ஆம் அதிகாரத்தை எடுத்தேன். எரேமியா ஆலயத்துக்குப் போக முடியாமல் இருக்கிறார். அவர் வாய்சொல்ல, அவருடைய எழுத்தனான பாருக்கு என்பவன் சுருளில் எழுதுகிறான். உபவாச நாளில், ஜனங்கள் கூடுகிற இடத்துக்கு அவனே அதை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் காது கேட்க வாசிக்கிறான். அந்த அதிகாரத்தில் அந்தச் சுருள் மூன்று முறை வாய்விட்டு வாசிக்கப்படுகிறது. யாரும் அதைத் தங்கள் வீட்டுக்கு வாங்கிப் போய் வாசிக்கவில்லை. எத்தனையோ முறை படித்த அதிகாரம். எழுத்து காதுவழியாகவே போனது என்பதை அன்றுதான் கவனித்தேன்.

ஒலிப்பதிவு கற்றுக்கொள்ள இரண்டு வாரம். தனிக் கருவி எதுவும் வாங்கவில்லை, கைப்பேசிதான். முதல் பதிவில் மின்விசிறியின் இரைச்சல். அதை நிறுத்தினால் வெறும் சுவரில் குரல் மோதி, கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல வந்தது. துணி அலமாரியைத் திறந்து வைத்து, தொங்கும் துணிகளைப் பார்த்தபடி வாசித்தபோது எதிரொலி அடங்கியது. கைப்பேசி வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில். நேர் எதிரே வைத்தால் 'ப', 'ம்ப' வரும்போது காற்று அடிக்கிறது. பிரசங்கம் செய்கிற குரலில் வாசித்தவற்றை எல்லாம் அழித்தேன். தூங்குகிறவர் பக்கத்தில் இருக்கும்போது பேசுகிற குரல்தான் சரியாக அமைந்தது. ஒவ்வொன்றும் மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்தது.

வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் சில சௌகரியங்கள் உண்டு. அடுத்தடுத்து இருப்பவை தானாகவே தொடர்ந்து ஓடும். ஈரக் கையோடு திரும்பத் தொட வேண்டியதில்லை. ஒரு குறையும் உண்டு. குரல் செய்திக்கு அடியில் எழுத்து சேர்க்க முடியாது. ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும்போது குரல் மட்டும் போகும். இது எந்தப் புத்தகம், யார் எழுதியது என்ற விவரம் போகாது. ஆகவே ஒவ்வொரு பதிவின் முடிவிலும் புத்தகத்தின் பெயரையும் நாள் எண்ணையும் நானே வாயால் சொன்னேன். அது மட்டுமே நான் செய்த விளம்பரம்.

20 பேரில் 11 பேர் கேட்டார்கள். நாளுக்கு ஒன்று. இரண்டாவது வாரத்தில் எனக்குத் தெரியாத எண்களிலிருந்து, "எங்களுக்கும் அனுப்ப முடியுமா?" என்று வரத் தொடங்கியது. நான்காவது மாதத்தின் முடிவில் 94 பேர். புத்தகமும் விற்றது. கேட்டவர்களில் சிலர் மின்னூல் வாங்கினார்கள். அதைவிட அதிகமானவர்கள் அச்சுப் பிரதி கேட்டார்கள், தங்களுக்காக அல்ல, தங்கள் நிலையில் இருக்கும் இன்னொருவருக்குக் கொடுக்க.

விமர்சனங்களைப் பற்றி ஒரு வார்த்தை. என் தங்கை அன்பின் மிகுதியால் ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தாள். குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் விமர்சனம் எழுதக் கூடாது என்பது அமேசானின் விதி. அவளிடம் சொல்லி நீக்கச் சொன்னேன். விதி ஒருபுறம் இருக்கட்டும். என்னை அறியாத ஒருவர் அதை நம்பி வாங்குவார் என்பதே எனக்குப் போதுமான காரணமாக இருந்தது. இப்போது ஒன்பது விமர்சனங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, ஜெபங்கள் ஒரே மாதிரி முடிகின்றன என்று சொல்கிறது. சரியான கருத்து. அடுத்த பதிப்பில் திருத்துவேன்.

நான் எதிர்பார்க்காத பாரம் வேறொன்று. குரல் போகும் இடத்திலிருந்து குரல் திரும்பி வருகிறது. நள்ளிரவில் அழுதபடி பேசிய செய்திகள், ஜெப விண்ணப்பங்கள், ஒரு நாளில் பத்துக்குமேல். முதல் சில வாரங்கள் வந்தவுடனே பதில் எழுதினேன்; என் உடல் தாங்கவில்லை. இப்போது அதிகாலை ஐந்து முதல் ஆறு வரை அதற்கான நேரம். ஒரு நோட்டில் பெயரையும் தேதியையும் எழுதி, ஜெபித்துவிட்டுப் பதில் சொல்கிறேன். இதை முதல் செய்தியிலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன்.

ஒருவர் கேட்டார்: "விசுவாசம் இருந்தால் அப்பாவின் மருந்தை நிறுத்திவிடலாமா, அம்மா?" அன்று ஐந்து மணிக்காகக் காத்திருக்கவில்லை. உடனே அழைத்தேன். மருந்தை நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட மாற்றக் கூடாது, என் அம்மாவுக்கு நான் கடைசி நாள் வரை மருந்து கொடுத்தேன், ஒவ்வொரு வேளையும் ஜெபித்தே கொடுத்தேன் என்று சொன்னேன். என் ஏழாம் நாள் தியானத்தில் இருந்த ஒரு வாக்கியம் அவருக்கு அந்த எண்ணத்தைக் கொடுத்திருக்கிறது. நான் நினைத்தது வேறு. ஆனால் வாக்கியம் அப்படியும் வாசிக்கக்கூடியதாகத்தான் இருந்தது. அன்றைக்கே அந்தப் பதிவை மாற்றி எல்லோருக்கும் அனுப்பினேன். மின்னூலிலும் அந்தப் பக்கத்தைத் திருத்தி மறுபடி ஏற்றினேன். அச்சுப் பிரதிகளில் கையிருப்பில் இருந்தவற்றில் திருத்தச் சீட்டு ஒட்டினேன்.

வந்த சாட்சிகளில் ஒன்றிரண்டைப் பகிர்ந்தால் இன்னும் பலருக்குப் போகும் என்று அண்ணன் மகள் சொன்னாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஒரே ஒருவரிடம் அனுமதி கேட்டு, பெயர் இல்லாமல், அவர் சம்மதித்த இரண்டு வரிகளை மட்டும் பயன்படுத்தினேன். நோயாளிகளின் படங்களைச் சிலர் தாங்களாகவே அனுப்புகிறார்கள். அவற்றை யாருக்கும் காட்டுவதில்லை; ஜெபித்த பிறகு அழித்துவிடுகிறேன். படுக்கையில் கிடப்பவரிடம் யாரும் அனுமதி கேட்டிருக்க மாட்டார்கள்.

நேற்றுக் காலை நோட்டில் எழுதிய முதல் பெயர், "நீங்களே வாசித்து அனுப்புவீர்களா?" என்று கேட்ட அந்தச் சகோதரியுடையது. இடையில் மருத்துவமனையில் இருந்ததால் நிறுத்தி நிறுத்திக் கேட்டு 31-ஆம் நாள் வரை வந்திருந்தார்கள். "அம்மா முந்தாநாள் போய்விட்டார்கள், அக்கா. மீதி ஒன்பதையும் அனுப்புங்கள்" என்று எழுதியிருந்தார்கள்.

அனுப்புவதற்கு முன் 32-ஐ ஒருமுறை கேட்டேன். மூன்றாவது வரியிலேயே, "இன்று அவர்களுக்குப் போர்வையை மாற்றும்போது" என்று வருகிறது. ஒன்பதையும் கேட்டேன். எல்லாமே இன்னும் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார் என்று நினைத்து எழுதியவை. ஒன்பதையும் இவர்களுக்காகத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலாவதை இன்று மாலை அலமாரிக்கு முன் உட்கார்ந்து பதிவு செய்ய வேண்டும்.